அத்தியட்சர் கை படாத தலை

பதினோரு வருசமா திருப்பூர்ல செக்கிங் டேபிள் முன்னாடி நின்னு பனியனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தவகிட்ட, வெள்ளைக்கார அத்தியட்சரோட சரித்திரத்தை எழுதுற வேலை வந்து விழுந்ததுக்கு என் வாய்தான் காரணம். ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு எல்லாரும் டீ குடிச்சுக்கிட்டு நிக்கோம். போன வருசம் அடிச்ச பண்டிகை மலரைப் பத்திப் பேச்சு வந்துச்சு. "அந்தத் தமிழைப் படிச்சா அத்தியட்சரே எந்திரிச்சு வந்து திருத்திட்டுப் போவாரு"ன்னு சொல்லிட்டேன். சும்மா இருந்திருக்கலாம்லா? "அப்ப இந்த வருசம் நீயே எழுதும்மா"ன்னு கமிட்டிக்காரங்க என் தலையில கட்டிட்டாங்க.

எங்க சபைன்னா தெக்கத்தி ஆளுங்க. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துல இருந்து பனியன் கம்பெனிக்கு வந்தவங்க. எங்க ஊர்க்காரங்களே நாப்பது குடும்பம் இருக்கும். ஊர்க் கோயிலுக்குப் பிரதிஷ்டைப் பண்டிகை வர்ற நேரம் பார்த்துத்தான் இங்க ஷிப்மெண்ட் கழுத்தை நெரிக்கும். லீவு கேட்டா, "அப்ப பீஸை ஒங்க சாமி வந்து பாக்குமா?"ன்னு சூப்பர்வைசர் கேப்பான். கேட்டுக் கேட்டு அலுத்துப்போயி, பண்டிகையையே இங்க கொண்டாந்துட்டோம். ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடிச்சு, அங்கயே ஆராதனை. முடிஞ்சதும் எல்லாரும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடற அசனம். ஊர்ல அந்தக் கோயிலைக் கட்டினவர்தான் இந்த அத்தியட்சர். இப்ப பேராயர்ங்கிறோம், அந்தக் காலத்துல அத்தியட்சர். பிஷப்புதான்.

மத்தியானச் சோத்து நேரத்துல, கட்டிங்ல மிஞ்சின பேட்டன் பேப்பரைக் கிழிச்சு எழுத ஆரம்பிச்சேன். எனக்குத் தெரிஞ்சது பாதி, ஊர்ப் பெரியவங்ககிட்ட எஸ்டிடி போட்டுக் கேட்டது பாதி. இங்கிலாந்துல ஒரு கிராமத்துக் குருவோட மகன். கல்யாணம் முடிஞ்ச கையோட கப்பலேறி தூத்துக்குடியில வந்து இறங்கியிருக்காரு. ரெண்டு வருசம் ஒரு முன்ஷியை வச்சுத் தமிழ் படிச்சாரு. பொறவு எங்க தேரிக்காட்டுக்கு அனுப்பிட்டாங்க. செம்மணலும் பனையும் தவிர வேற நாதியில்லாத சீமை. குதிரை மேல ஊர் ஊராப் போவாரு. காலரா வந்த வருசம், சொந்தக்காரனே உள்ள போகப் பயந்த வீட்டுக்குள்ள மருந்துப் பாட்டிலோட போனவரு. அந்தக் காலராவுலயே பெஞ்சாதியையும் ஒரு பிள்ளையையும் பறிகொடுத்தாரு. கோயிலுக்குப் பின்னால அந்த ரெண்டு கல்லறையும் இன்னும் இருக்கு. சின்னக் கல்லறை மேல உக்காந்துதான் நாங்க நவ்வாப்பழம் தின்னுருக்கோம். அப்பல்லாம் எங்களுக்கு என்ன விவரம்!

பெஞ்சாதி போன பொறவுதான் கோயில் வேலை. பனையேறிட்டு வந்த ஆம்பளைங்க கல் சுமந்தாங்க. பொம்பளைங்க உலையில போடுறதுக்கு முந்தி ஒரு பிடி அரிசியை எடுத்து வச்சு, கொத்தனாருக்குக் கஞ்சி காச்சினாங்க. கோபுரம் முடிய ஒன்பது வருசமாச்சுன்னு சொல்லுவாங்க. பொம்பளப் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் வச்சதும் அவருதான். எங்கம்மா அதுல படிச்சவ. நற்கருணை வாங்க ஒரே வரிசையில முழங்கால் போட மாட்டோம்னு ரெண்டு சாதிக்காரங்க மல்லுக்கட்டினப்போ, பாத்திரத்தை மூடிட்டு ஒரு மாசம் கோயிலையே பூட்டிப் போட்டவரு. அந்த வைராக்கியத்தைப் பார்த்துத்தான் பாளையங்கோட்டைக்குக் கூப்பிட்டு அத்தியட்சர் ஆக்கினாங்கன்னு எங்க ஊர்ல பேச்சு. உண்மையோ பொய்யோ, எழுதிட்டேன். குதிரைக்காரனைச் சாட்டையால அடிச்சாருன்னும் ஒரு பேச்சு உண்டு. அதை எழுதல. பண்டிகை மலர்ல போயி அதை யாரு போடுவா?

அத்தியட்சர் ஆன பொறவு அவரு வேலையில பாதி, வில்வண்டி கட்டிக்கிட்டு ஊர் ஊராப் போயி திடப்படுத்துறதுதான். எங்க சபையில, சின்னதுல ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைங்க பதிமூணு, பதினாலு வயசுல விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனை எல்லாம் மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கணும். அத்தியட்சர் வந்து தலையில கை வச்சு ஜெபிப்பாரு. அதுதான் திடப்படுத்தல். அந்தக் கை பட்ட பொறவுதான் நற்கருணை. அப்பமும் ரசமும் அதுக்கு முந்தி வாங்கக் கூடாது. வாங்குனா குத்தம்.

இதை எழுதி முடிச்சப்போ எனக்கு ஒரு பெருமை. எங்கம்மா போன பொறவு எங்கப்பா என்கூடத்தான் இருந்தாரு. எழுபத்தெட்டு வயசு. அந்த அத்தியட்சர் எங்க ஊருக்குக் கடைசியா வந்தப்போ திடப்பட்டவங்கள்ல இன்னும் உசுரோட இருக்கிறது அவரு ஒருத்தர்தான்னு ஊரே சொல்லும். கோயில் பதிவுலயும் பேரு இருக்கு. அதனால கடைசிப் பாராவுல, "அந்தப் பரிசுத்தவானின் கரம் பட்ட கடைசித் தலை இன்று நம் திருப்பூர் சபையில் நம்மோடு இருக்கிறது"ன்னு முடிச்சேன். எழுதின எனக்கே புல்லரிச்சுப் போச்சு. வெளியில நான் ஒரு செக்கிங் பொம்பள. மாசம் ரெண்டு தடவை எவன்கிட்டயாவது திட்டு வாங்குறவ. அந்த ஒரு வரி எங்க குடும்பத்தைத் தூக்கி மேல வச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

சாயங்காலம் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். கட்டில்ல சாஞ்சு கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டு இருந்தவரு, அந்த வரி வந்ததும் எந்திரிச்சு உக்காந்தாரு.

"அத எடுத்துரு."

"எத?"

"கடைசியில எழுதிருக்கெல்லா, அது."

"ஏன்ப்பா? உண்மைதான?"

"எடுத்துருன்னு சொன்னா எடுத்துருட்டி."

எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. வாய் வலிக்க வாசிச்சவளுக்கு இதா பரிசுன்னு பேப்பரைச் சுருட்டிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். வயசானா தன்னடக்கம் கூடிப்போகும்னு நினைச்சேன். கமிட்டிக்காரங்ககிட்ட அப்படியே கொடுத்தும் விட்டேன். அவங்களுக்கு ஒரே சந்தோசம். அப்பாவை மேடையில நாற்காலி போட்டு உக்கார வச்சு, அத்தியட்சரைப் பத்தி ரெண்டு வார்த்தை பேச வைக்கணும்னு முடிவு பண்ணிட்டாங்க. போட்டோவும் எடுத்துட்டுப் போனாங்க.

அடுத்த ஞாயிறு நற்கருணை. பெஞ்சு பெஞ்சா எந்திரிச்சு முன்னால போறாங்க. எங்கப்பா மட்டும் எந்திரிக்கல. நான் தோளைத் தொட்டேன். தலையை ஆட்டிட்டாரு. எங்க சபையில ஒருத்தர் நற்கருணைக்கு எந்திரிக்கலன்னா, யாரோடயோ சண்டை, இல்ல ஏதோ பாவம்னு அர்த்தம். அத்தனை கண்ணும் எங்க பெஞ்சு மேல. எனக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் கேட்டேன், வாயைத் திறக்கல. ராத்திரி சோறும் வேண்டாம்னுட்டாரு. மறுநாள் சபை ஐயர், எங்க போதகர், வீட்டுக்கே வந்துட்டாரு. கன்னியாகுமரிக்காரரு, சின்ன வயசு, தங்கமான மனுசன். அப்பா பக்கத்துல தரையில உக்காந்து, "என்னய்யா, மனசுல என்ன?"ன்னு கேட்டாரு. அவ்வளவுதான், எங்கப்பா உடைஞ்சு அழுதுட்டாரு. எங்கம்மா சாவுக்குக் கூட நான் அப்படிப் பார்க்கல.

"அவரு கை என் தலையில படல, ஐயரே."

பொறவு மெதுவாச் சொன்னாரு. அத்தியட்சர் போட்டிருக்கிறது வெள்ளை அங்கி. கையை வச்சு வச்சு அது எண்ணெய்ப் பிசுக்கா ஆயிரும்னு, திடப்படுத்தல் அன்னைக்கு யாரும் தலைக்கு எண்ணெய் வச்சுக்கிட்டு வரக்கூடாதுன்னு, ஊர்க் கோயிலைப் பாத்துக்கிட்டு பிள்ளைங்களுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கிற உபதேசியார் ஒரு வாரம் முன்னாடியே வீடு வீடாப் போயி சொல்லிட்டுப் போவாராம். ஆனா எங்க ஊர்ல எண்ணெய் வைக்காத தலைன்னா எழவு வீட்டுத் தலை. "எங்கம்மைக்கு மனசு கேக்கல. நல்ல நாளும் அதுவுமா எம்புள்ள பரட்டத் தலையோடயா போவும்னு, உபதேசியார் கெடக்காருன்னு சொல்லிட்டு, ஒரு கரண்டி எண்ணெய உச்சியில விட்டுத் தேச்சுட்டா. வாசல்ல உபதேசியார் ஒவ்வொரு தலையாத் தடவிப் பாத்துத்தான் உள்ள விடுதாரு. என் தலையில வச்ச கை வழுக்கிட்டு. 'அங்கியில எண்ணெ பட்டா என் வேல போயிரும்ல, மூதி'ன்னு காதத் திருகி, கிணத்துக்கு வெரட்டிட்டாரு. சீயக்காய் போட்டுத் தேச்சாலும் போவ மாட்டங்கு. ஈரத்தலையோட ஓடி வாறேன், வில்வண்டி தேரியில ஏறிப் போய்க்கிட்டு இருக்கு. அன்னைக்கு அவருக்கு இன்னும் ரெண்டு ஊரு பாக்கி. வண்டிக்குப் பொறத்தால ஓடினேன். காலு மணல்ல பொதையுது. எங்க ஓடி எட்ட?"

பேரை எல்லாம் உபதேசியார் முந்தின நாளே பதிவுல எழுதி வச்சுட்டாராம். ஒரு பேரை அடிச்சா ஏன்னு கேள்வி வரும். அடுத்த வருசம் அத்தியட்சர் வருவாரு, உன்னைய முதல் ஆளா நிறுத்துதேன், அதுவரைக்கும் வாயைத் திறக்காதன்னு சொன்னாராம். அடுத்த வாரமே முதல் நற்கருணை. மத்த பிள்ளைங்க எந்திரிக்க, உபதேசியார் கண்ணைக் காட்ட, இவரும் எந்திரிச்சுப் போயிட்டாரு. அத்தியட்சர் அந்த வருசமே சீக்கா விழுந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிட்டாரு. கப்பல்லயே போயிட்டாருன்னும் சொல்லுவாங்க, அங்க போயிச் செத்தாருன்னும் சொல்லுவாங்க. எங்க ஊருக்குத் திரும்பி வரல.

"பொறவு எத்தன பேராயரு வந்தாவ. ஒவ்வொரு தடவயும் போயி நிக்கணும்னு நெனப்பேன். பதிவுல பேரு இருக்கவன் எப்படிப் போயி நிக்க? கல்யாணம் ஆச்சு, கமிட்டியில போட்டாவ. நான் ஒரு நாளும் பட்டுச்சுன்னு சொல்லல, ஐயரே. அவிய சொன்னாவ, நான் சும்மா இருந்தேன். அறுவத்தஞ்சு வருசம் தகுதியில்லாம அந்த அப்பத்தைத் தின்னுருக்கேன். எத்தன நாள் இருப்பேனோ தெரியல. இப்படியே போவ எனக்குப் பயமா இருக்கு."

ஐயர் அவரு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "ஆண்டவர் கணக்கு அப்படி இல்லய்யா, பயப்படாதீங்க. பண்டிகைக்குப் பேராயர் வர்றாரு. நம்ம பிள்ளைங்க பத்துப் பேரைத் திடப்படுத்துறாரு. நீங்களும் வரிசையில வந்து நில்லுங்க, முடிஞ்சு போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "ஐயரே, அதெப்படி? மலர் பிரஸ்ஸுக்குப் போயாச்சு. மேடையில உக்கார வைக்கிறோம்னு ஊர் பூரா சொல்லியாச்சு. சின்னப் பிள்ளைங்களோட போயி இவரு நின்னா நாங்க எங்க மூஞ்சியை வைக்கிறது?" அப்பா பக்கம் திரும்பி, "அறுபத்தஞ்சு வருசம் வாய மூடிக்கிட்டு இருந்தவருக்கு, சாகப்போற காலத்துல எதுக்கு இந்த வேண்டாத வேலை?"ன்னு கேட்டுட்டேன். கேட்டது நான்தான். அந்த வார்த்தையை இன்னைக்கு நினைச்சாலும் நாக்கை அறுத்துப் போடணும்னு தோணுது.

ஐயர்தான் ஒரு வழி சொன்னாரு. ஆராதனைக்கு முந்தி, மண்டபத்து மணமகள் அறையில வச்சு, யாருக்கும் தெரியாம பேராயர் கை வச்சு ஜெபிச்சிடுவாரு, நான் பேசி வைக்கிறேன்னாரு. நான் சரின்னேன். அப்பாவும் தலையை ஆட்டினாரு, எனக்காக. மலர்ல அந்த வரியை எடுக்கச் சொல்லி ஒரு போன் போட்டிருக்கலாம். நான் போடல.

நாங்க வாடகைக்கு இருக்கிற வீட்டுக்கார அக்கா அவிநாசிப் பக்கத்துக்காரங்க. முருகன்னா உசுரு. அப்பா சோறு இறங்காம இருக்காருன்னு அன்னைக்கு ஊத்துக்குளி வெண்ணெயை உருக்கின நெய் ஒரு டம்ளர் கொண்டாந்தாங்க. "ஏனுங் அப்புச்சி, மனசுல என்னமோ வெச்சுட்டு மறுகுறீங்களே"ன்னு கேட்க, அப்பா பட்டும் படாம, சின்ன வயசுல சாமிக்குச் செய்ய வேண்டியது ஒண்ணு நின்னு போச்சு, இப்ப ரகசியமாச் செய்யப் போறோம்னாரு. அக்கா சிரிச்சுட்டாங்க. "வேண்டுதலுங்களா? அதுக்கென்னங்க, எத்தனை வருசமானாலும் செஞ்சுக்கலாமுங்க. ஆனா மொட்டைய ஊட்டுக்குள்ள கதவைச் சாத்திட்டு அடிச்சுக்க முடியுங்களா? பழனிக்குப் போயி நாலு பேர் பாக்கத்தானுங்க அடிக்கோணும்." அப்பாவும் சிரிச்சாரு. ரொம்ப நாள் கழிச்சு அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாரு.

பண்டிகை அன்னைக்குக் காலையில ஏழு மணிக்கே அப்பாவுக்கு வெள்ளை வேட்டி கட்டி, மணமகள் அறையில கொண்டு போயி உக்கார வச்சேன். எட்டு மணி ஆச்சு, எட்டரை ஆச்சு, பேராயரைக் காணல. அவிநாசி ரோட்டுல லாரி கவுந்து, வண்டியெல்லாம் நிக்குதாம். அவரு வந்து இறங்கினப்போ ஒன்பதரை. மண்டபம் நெறஞ்சு போயி கீர்த்தனை பாடிக்கிட்டு இருக்காங்க. ஐயர் என்கிட்ட ஓடி வந்து, "ஆராதனை முடிஞ்சதும் வச்சுக்கலாம்மா"ன்னாரு. அதுக்குள்ள கமிட்டிக்காரங்க அப்பாவைக் கையைப் பிடிச்சு மேடைக்குக் கூட்டிட்டுப் போயி, மாலையும் போட்டுட்டாங்க.

பிரசங்கத்துக்கு முந்தி என்னைய வாசிக்கக் கூப்பிட்டாங்க. வாசிச்சேன். நல்லாத்தான் வாசிச்சேன். காலரா வர்ற இடத்துல பொம்பளைங்க முந்தானையில கண்ணைத் துடைச்சாங்க. கடைசிப் பாரா வந்துச்சு. முடிச்சுட்டு இறங்கியிருக்கலாம். அந்த வரியைத் தாண்டிப் போனா யாருக்குத் தெரியப் போவுது? ஆனா மலர் எல்லார் கையிலயும் இருக்கு, விரலை வச்சுக் கூடவே படிச்சுக்கிட்டு வர்றாங்க. அப்பா பக்கம் திரும்பாம, "கரம் பட்ட கடைசித் தலை இன்று நம்மோடு இருக்கிறது"ன்னு கணீர்னு வாசிச்சேன். மண்டபமே "ஸ்தோத்திரம்"னு சொல்லிச்சு.

மைக்கை அப்பா கையில கொடுத்தாங்க. ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு.

"மக நல்லா எழுதிருக்கா. எல்லாம் உள்ளதுதான். கடைசி வரி மட்டும் இல்ல. அத்தியட்சர் கை என் தலையில படல. வண்டி போன பொறவுதான் நான் வந்தேன். பேரு பதிவுல இருந்துச்சு, நானும் பேசாம இருந்துட்டேன். மகளுக்கு இது தெரியாது. அவள யாரும் ஒண்ணும் சொல்லாதிய." பேராயர் பக்கம் திரும்பி, "அந்தப் பிள்ளைவளோட என்னையும் நிக்க விடுவியளா?"ன்னு கேட்டாரு.

மகளுக்குத் தெரியாதுன்னு எனக்காகச் சொன்னாரே, அதுதான் என் நெஞ்சுல இறங்குச்சு. எல்லாம் தெரிஞ்சுதான் வாசிச்சேன்னு அந்த மண்டபத்துல மூணு பேருக்குத்தான் தெரியும். அவருக்கு, ஐயருக்கு, எனக்கு. ஐயர் என்னைய நிமிந்து கூடப் பார்க்கல.

பேராயர் எந்திரிச்சு வந்து, அவரே அப்பாவோட மாலையைக் கழட்டினாரு. நாற்காலியில உக்காந்தே வாங்கலாம்னு எவ்வளவோ சொன்னாரு. அப்பா கேக்கல. பத்துப் பிள்ளைங்க கடைசியில போயி, ரெண்டு பேரு தாங்கிப் பிடிக்க, முழங்கால் போட்டாரு. பக்கத்துல இருந்த பிள்ளை அவருக்கு இடம் விட்டு நகந்துச்சு. பேராயர் அவரு முன்னால வந்து, ரெண்டு கையையும் அவரு தலையில வச்சாரு. என்ன ஜெபிச்சாருன்னு எனக்குக் கேக்கல. அப்பாவோட தோள் ரெண்டும் குலுங்குறது மட்டும்தான் தெரிஞ்சுச்சு. எந்திரிக்க ரொம்ப நேரம் ஆச்சு.

அதுக்குப் பொறவு நற்கருணை. பிள்ளைங்களோட வரிசையில நின்னு அப்பா முதல் ஆளா வாங்கினாரு. எங்க வரிசை முறை வந்தப்போ எல்லாரும் எந்திரிச்சாங்க. நான் எந்திரிக்கல. எந்த வாயால போயி வாங்குறது? சாமி சந்நிதியில நின்னு, தெரிஞ்சே பொய் வாசிச்ச வாய். முந்தின தடவை அப்பா உக்காந்திருந்த மாதிரியே நானும் தலையைக் குனிஞ்சு உக்காந்துட்டேன். எத்தனை பேரு பார்த்தாங்கன்னு தெரியல. அதைப் பத்தி எனக்குக் கவலையும் இல்ல.

அப்பா தட்டுத் தடுமாறித் திரும்பி வந்து, என் பக்கத்துல உக்காந்தாரு. என்னைய பார்த்தாரு. கோவம் ஒண்ணும் இல்ல. குனிஞ்சு காதுக்குள்ள, "என்னட்டி உக்காந்துருக்க? ஒனக்கு ஒழுங்காக் கை வச்சிருக்குல்லா. எந்திரி, எனக்கு மாதிரி ஒனக்கும் அறுவத்தஞ்சு வருசம் ஆவ வேண்டாம்"னாரு.

எந்திரிச்சேன். ஆனா நற்கருணை மேசைக்குப் போகல. நேரா ஐயர்கிட்ட போயி, கையை நீட்டி மைக்கைக் கேட்டேன்.